நீரோடு சேராத திரவம்

எளிதில் தீப்பற்றும் திரவம் ஒன்றைக் காப்பதற்கு அதன்மேல் தண்ணீரை ஊற்றி மூடி வைக்கலாம் என்று கூறினால் பலர் நம்பமாட்டார்கள். பெட்ரோலின்மேல் தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் மேலெழும்பி மிதக்கும், மிதந்தவாறே எரியும். ஆயினும், செயற்கைப் பட்டு உற்பத்தி செய்யும் ஆலைகளில் ஒரு திரவம் நெடுங்காலமாக இம்முறையிலேயே காக்கப்பட்டு வருகின்றது. அதன் பெயர் கார்பன்-டை-சல்பைடு. அது தண்ணீரைக் காட்டிலும் 1.26 மடங்கு அடர்த்தியுள்ளது. ஆதலின் தண்ணீருக்கு அடியில் அமிழ்ந்து கிடக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 கிராம் அளவே அது கரையும். ஆதலின் மேலே மூடியிருக்கும் நீர் அதனோடு கலந்து கெட்டுப்போவதும் இல்லை. 46 டிகிரி சென்டிகிரேடில் கொதித்துவிடும் இத்திரவத்தின் ஆவி, ஏறத்தாழ 90 முதல் 100 டிகிரி வெப்பத்தில் தீக்குச்சியோ பொறியோ இன்றித் தானாகவே பற்றிக்கொள்ளும். நீராவி ஓடும் சூடான குழாய் ஒன்று அருகில் இருப்பதே போதும். இத்தகைய பொருளுக்கு ஒரு சாண் உயர நீர்ப் படலமே காவலாக நிற்கின்றது என்றால், அந்த நீருக்கும் அத்திரவத்துக்கும் இடையே உள்ள உறவு, அல்லது உறவின்மை, ஆராயத் தக்கதாகும்.

மும்பையிலிருந்து வரும் மத்திய இரயில் பாதை கல்யாண் சந்திப்பில் இரண்டாகப் பிரிகின்றது. தென்கிழக்கே செல்லும் பாதையில் விட்டல்வாடி, உல்லாஸ்நகர், அம்பர்நாத் ஆகிய நிலையங்கள் உள்ளன. வடகிழக்கே செல்லும் பாதையில் முதலாவதாக வருவது ஷகாட் நிலையம். இவ்விரு பாதைகளுக்கும் இடையே அமைந்த நகரமே உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர் தங்கிச் செல்லும் முகாமாக விளங்கிய இவ்விடத்தில், நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் பெருந்தொகையினராகக் குடியமர்த்தப்பட்டனர். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் அப்போதைய கவர்னர் ஜெனரல் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். ஊரின் பகுதிகள் இன்றும் முதல் முகாம், இரண்டாம் முகாம் என ஐந்து எண்களாலேயே வழங்கப்படுகின்றன. சிந்தி மக்களோடு மராத்தியரும், வட நாட்டினரும், மும்பையின் ஏனைய பகுதிகளைப் போலவே தமிழர் குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

ஷகாட்டில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செஞ்சுரி ரேயான் ஆலை இந்நகரின் முதன்மையான தொழிற்சாலைகளுள் ஒன்று. அதற்குச் சில மைல் தொலைவில் மோஹனேயில் நேஷனல் ரேயான் ஆலையும் பல்லாண்டுகள் இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. மரக்கூழைப் பளபளக்கும் நூலாக மாற்றுவதே இவ்வாலைகளின் தொழில். அம்மாற்றத்துக்கு இன்றியமையாத பொருளே மேற்கூறிய கார்பன்-டை-சல்பைடு. உயர்நிலைப் பள்ளியின் இரசாயன வகுப்பில் முனைவுள்ள மூலக்கூறு, முனைவற்ற மூலக்கூறு என்று பயிலும் உல்லாஸ்நகர் மாணவனுக்கு, முனைவற்றதற்குத் தக்க எடுத்துக்காட்டு அவன் வீட்டுக்கு அருகிலேயே உள்ளது. ஆனால் அவன் பாடநூல் அதனைப் பெரும்பாலும் ஒரு வரியில் கூறி முடித்துவிடுகின்றது.

தேரும் வடமும்

அணுக்கள் எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு இணையும்போது அப்பங்கீடு எப்போதும் சமமாக அமைவதில்லை. சில அணுக்கள் எலெக்ட்ரானைத் தம்பால் மிகுதியாக ஈர்க்கும்; சில குறைவாக ஈர்க்கும். இந்த ஈர்ப்பாற்றலுக்கு அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1932ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வகுத்தார். அதன்படி ஹைட்ரஜனின் மதிப்பு 2.20, கார்பனின் மதிப்பு 2.55, கந்தகத்தின் மதிப்பு 2.58, ஆக்ஸிஜனின் மதிப்பு 3.44. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் இணையுமிடத்து எலெக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் பக்கம் சாய்கின்றன. அப்பக்கம் சிறிதளவு எதிர் மின்னும், ஹைட்ரஜன் பக்கம் சிறிதளவு நேர் மின்னும் தோன்றுகின்றன. இவ்வாறு இரு முனைகள் தோன்றிய பிணைப்பு முனைவுள்ள பிணைப்பு எனப்படும்.

இவ்வளவும் மாணவர் எளிதில் மனத்திற் கொள்வர். இடறும் இடம் அடுத்த படியில் உள்ளது. முனைவுள்ள பிணைப்புகளால் ஆன மூலக்கூறு முனைவுள்ளதாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். அங்ஙனம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பிணைப்புகள் எத்திசை நோக்கி நிற்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

திருவிழாத் தேருக்கு இரண்டு வடங்கள் பூட்டப்படுகின்றன. வலப்புற வடம் சற்றே வலம் சாய்ந்தும் இடப்புற வடம் சற்றே இடம் சாய்ந்தும் இழுக்கப்பட்டாலும், இரண்டும் முன்னோக்கியே இழுக்கப்படுவதால் தேர் நடுவே நேராக முன்செல்கின்றது. அதே இரண்டு வடங்களில் ஒன்றைத் தேரின் முன்னும் மற்றொன்றைப் பின்னும் பூட்டிச் சம பலத்தோடு இழுத்தால், எத்தனை ஆயிரம் பேர் வியர்த்தாலும் தேர் அசையாது. தண்ணீர் மூலக்கூறு முதல் வகையைச் சேர்ந்தது. அதன் இரண்டு பிணைப்புகளும் 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இரு இழுப்புகளும் சேர்ந்து ஒரு திசையில் நிகர இழுப்பைத் தருகின்றன. கார்பன்-டை-ஆக்ஸைடு இரண்டாம் வகை. அதில் கார்பன் நடுவிலும் ஆக்ஸிஜன் அணுக்கள் இரு புறமும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளன. ஒவ்வொரு பிணைப்பும் வலிய முனைவுடையது; ஆனால் ஒன்றை மற்றொன்று முற்றிலும் ஈடுசெய்துவிடுகின்றது.

இந்த நிகர இழுப்பை அளக்கும் அலகுக்கு டிபை என்று பெயர். ஹாலந்து நாட்டில் பிறந்த பீட்டர் டிபை 1912ஆம் ஆண்டு நிலையான இருமுனை கொண்ட மூலக்கூறுகள் உண்டு என்னும் கொள்கையை வெளியிட்டார். 1936இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தண்ணீரின் இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை; அம்மோனியாவினது 1.47, கார்பன்-டை-ஆக்ஸைடினது சுழி. குளோரோபார்முக்கு 1.04 டிபை இருக்க, அதினின்றும் ஒரே ஓர் அணுவால் வேறுபட்ட கார்பன்-டெட்ரா-குளோரைடுக்குச் சுழி. நான்கு மூலைகளிலும் நான்கு குளோரின் அணுக்கள் சம இழுப்போடு நிற்பதே காரணம்.

கார்பன்-டை-சல்பைடின் இருமுனைத் திருப்புத்திறனும் சுழியே. ஆயின் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கார்பனுக்கும் கந்தகத்துக்கும் பாலிங் அளவுகோலில் உள்ள வேறுபாடு 0.03 மட்டுமே, அதாவது பிணைப்பிலேயே முனைவு இல்லை எனலாம். கார்பன்-டை-ஆக்ஸைடு, வலிய இருவர் எதிரெதிரே இழுப்பதால் அசையாத தேர். கார்பன்-டை-சல்பைடு, வடத்தை எவரும் ஏறக்குறைய இழுக்காமலே நிற்கும் தேர். விடை இரண்டுக்கும் சுழிதான். காரணம் வேறு. இவ்விரண்டுக்கும் நடுவே கார்பனில் சல்பைடு என்றொரு பொருளும் உள்ளது. அதில் கார்பனின் ஒரு பக்கம் ஆக்ஸிஜனும் மறுபக்கம் கந்தகமும் நேர்க்கோட்டில் அமைந்துள்ளன. நேர்க்கோடாக இருந்தும் அதற்கு 0.72 டிபை உண்டு. நேர்க்கோட்டு வடிவம் என்றவுடன் முனைவற்றது என்று எழுதிவிடும் மாணவனுக்கு இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது, பட்டியல் ஒன்றை மனனம் செய்விப்பதிலும் பயன் தருவதாகும்.

பள்ளிகளில் செய்து காட்டப்படும் ஒரு சோதனையைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். தலைமுடியில் தேய்த்த சீப்பை, குழாயிலிருந்து மெல்லியதாக ஒழுகும் நீர்த் தாரைக்கு அருகே கொண்டுசென்றால் தாரை வளைகின்றது. முனைவுள்ள மூலக்கூறுகள் சீப்பை நோக்கித் திரும்புவதே இதற்குக் காரணம் என்று பல நூல்கள் எழுதிவிட்டன. உண்மையில், சீப்பின் அண்மையால் தாரையிலேயே தூண்டப்படும் மின்னேற்றமே இவ்வளைவுக்கு முதன்மையான காரணம். சோதனை கண்ணுக்கு இனியது. ஆனால் முனைவுக்குச் சான்றாக அது நிற்காது. டிபை கையாண்ட முறை வேறு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே பொருளை வைத்து, அத்தகடுகள் எவ்வளவு மின்னேற்றத்தைத் தாங்குகின்றன என்று வெவ்வேறு வெப்பநிலைகளில் அளக்க வேண்டும். முனைவுள்ள பொருளில் வெப்பம் மிகுந்தால் மூலக்கூறுகளின் அணிவகுப்பு கலைந்து அளவு குறையும். முனைவற்ற பொருளில் அங்ஙனம் கலைவதற்கு அணிவகுப்பே இல்லை. இம்முறையில் நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80 என்றும், கார்பன்-டை-சல்பைடினது 2.6 என்றும் காணப்படுகின்றன.

சேராமைக்குக் காரணம்

முனைவுள்ளது முனைவுள்ளதில் கரையும், முனைவற்றது முனைவற்றதில் கரையும் என்பது வகுப்பறையில் வழங்கும் விதி. விதி பயனுள்ளதே. ஆயினும் நீரும் எண்ணெயும் ஒன்றையொன்று வெறுத்து விலக்குகின்றன என்னும் எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகின்றது. அங்கே விலக்கும் விசை எதுவும் இல்லை. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று கைகோத்து நிற்கின்றன. இடையில் கார்பன்-டை-சல்பைடு மூலக்கூறு நுழைய வேண்டுமாயின் அக்கைகளுட் சில விடப்படவோ, புதிய வரிசையில் கோக்கப்படவோ வேண்டும். அவ்விழப்புக்கு ஈடாக முனைவற்ற விருந்தாளி தரக்கூடியது மிகச் சொற்பம். எனவே நீர் தன்னோடு தானே சேர்ந்துகொள்கின்றது. மற்றது ஒதுங்கிக் கிடக்கின்றது.

முனைவற்ற மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பே இல்லை என்று கருதுவதும் பிழை. கார்பன்-டை-ஆக்ஸைடு அறை வெப்பத்தில் வாயு, கார்பன்-டை-சல்பைடோ திரவம். இரண்டுக்கும் திருப்புத்திறன் சுழியாக இருக்க, இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? கந்தக அணு பெரியது. அதன் புற எலெக்ட்ரான்கள் தளர்வாகக் கட்டப்பட்டவை. அவை கணத்துக்குக் கணம் இங்குமங்கும் அசையும்போது கணநேர முனைகள் தோன்றி, அண்டை மூலக்கூறிலும் அத்தகைய முனைகளைத் தூண்டி ஈர்க்கின்றன. 1930ஆம் ஆண்டில் பிரிட்ஸ் லண்டன் விளக்கிய இவ்விசையே அத்திரவத்தைத் திரவமாகப் பிடித்து வைத்திருக்கின்றது.

நூலாகும் மரக்கூழ்

மரக்கூழின் சாரமான செல்லுலோஸ் முனைவுள்ள பொருள். குளுகோஸ் அலகுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்து அமைந்த அதில் ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. வகுப்பறை விதிப்படி அது நீரில் கரைந்துவிட வேண்டும். அவ்வாறு கரைந்தால் மழையில் நனையும் வேட்டி கரைந்து ஓடிவிடும்! செல்லுலோஸ் சங்கிலிகள் அருகருகே அடுக்கப்பட்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளால் தமக்குள்ளேயே இறுகப் பிணைந்துவிட்டமையால் நீர் இடையில் புக இயலுவதில்லை. முனைவு இருந்தால் மட்டும் போதாது; அது வெளியாருக்குக் கிட்டும் நிலையில் இருக்க வேண்டும்.

இக்கட்டினை அவிழ்க்கும் வழியை 1892ஆம் ஆண்டு ஆங்கிலேயர்களான கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவர் கண்டனர். மரக்கூழ் முதலில் வலுவான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கப்படுகின்றது. பிழிந்து, துருவி, சிலகாலம் முதிரவைத்த பின்னர் அதன்மீது கார்பன்-டை-சல்பைடு செலுத்தப்படுகின்றது. வெண்ணிறத் துருவல் ஆரஞ்சு நிறமாக மாறும். அம்மாற்றத்தில் நடப்பது இது: காரத்தால் எதிர் மின்னேற்றம் பெற்ற செல்லுலோஸின் ஆக்ஸிஜன், கார்பன்-டை-சல்பைடின் நடுவிலுள்ள கார்பனைத் தாக்கி இணைகின்றது. விளைவது சாந்தேட் என்னும் பொருள். முனைவற்ற அம்மூலக்கூறு இப்போது மின்னேற்றம் தாங்கிய ஒரு தொங்கலாகச் சங்கிலியில் ஆங்காங்கே நிற்கின்றது. தொங்கல்கள் சங்கிலிகளை நெருங்கவிடாமல் விலக்குகின்றன. நீரோ மின்னேற்றம் உள்ள இடங்களைச் சூழ்ந்துகொள்கின்றது. நீர்த்த காஸ்டிக் சோடாவில் எல்லாம் கரைந்து, தேனைப் போன்ற பிசுபிசுப்பான கரைசலாகிவிடுகின்றது. நீரோடு சேராத ஒன்று, நீரில் கரையாத மற்றொன்றை நீரில் கரைத்துவிடுகின்றது. முனைவற்றது என்றால் செயலற்றது என்று பொருள் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று பள்ளிப் பாடத்தில் கிடைப்பது அரிது.

அக்கரைசல் பின்னர் நுண்ணிய துளைகள் வழியே கந்தக அமிலம் நிறைந்த தொட்டிக்குள் பீச்சப்படுகின்றது. அமிலம் பட்டவுடன் தொங்கல்கள் அறுந்து விழுகின்றன. செல்லுலோஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பி நூலாக வெளிப்படுகின்றது. அறுந்து விழுந்த கார்பன்-டை-சல்பைடும், உடன் தோன்றும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றில் கலக்கின்றன.

இக்காற்றைத் தூய்மை செய்யும் முறையிலும் பாடநூலின் பாகுபாடே ஆட்சி செய்கின்றது. ஹைட்ரஜன் சல்பைடு வளைந்த வடிவமும் முனைவும் உடையது. அமிலத் தன்மையும் உடையது. காஸ்டிக் சோடாக் கரைசலைத் தூவினால் அதனைப் பிடித்துவிடலாம். கார்பன்-டை-சல்பைடு அத்தூவலுக்கு எளிதில் அகப்படாது. அதற்கு ஊக்கமூட்டிய கரி தேவை. கரியின் நுண்துளைகளில் ஒட்டிய ஆவி, பின்னர் நீராவியால் வெளியேற்றப்பட்டுக் குளிர்விக்கப்படுகின்றது. குளிர்ந்த கலவை இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே நீர், கீழே மீண்டும் பயன்படுத்தத் தக்க கார்பன்-டை-சல்பைடு. முகமூடி அணிந்து பணிபுரியும் தொழிலாளிக்கு ஈரத்துணி காவலாகாது, கரி நிரப்பிய வடிகலமே காவல் என்பதற்கும் இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டம் சிறுமுகையில் பவானி ஆற்றங்கரையில் இயங்கிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலையும் இதே முறையில் இழை உற்பத்தி செய்தது. அதன் கழிவுநீரால் பவானி மாசுபட்டது குறித்துக் கரையோர மக்கள் நீண்டநாள் போராடினர். ஆலை இப்போது இயங்கவில்லை.

அவுரி நீலம்

உல்லாஸ்நகரில் முனைவின் விளையாட்டைக் காண ரேயான் ஆலை ஒன்றே இடம் அன்று. ஜீன்ஸ் துணி தைக்கும் தொழிலுக்கு இந்நகர் நாடெங்கும் பெயர் பெற்றது. இங்குச் செய்யப்பட்ட பொருள்களில் பொறிக்கப்பட்ட ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்பதற்கு ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்று பொருள் கூறும் வேடிக்கை மும்பையில் அனைவரும் அறிந்தது. அத்துணியின் நீலம், திண்டிவனம் பகுதியில் இன்றும் பயிராகும் அவுரிச் செடியில் உள்ள அதே நீலமே. ஆலைகளில் பயன்படுவது பெரும்பாலும் செயற்கையாகச் செய்தது.

அவுரி நீலத்தின் மூலக்கூறில் ஆக்ஸிஜனும் உண்டு, நைட்ரஜனோடு இணைந்த ஹைட்ரஜனும் உண்டு. எனினும் அதன் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாகத் திருப்பி வைத்தாற்போல் அமைந்திருப்பதால் ஒரு பாதியின் இழுப்பை மறுபாதி ஈடுசெய்கின்றது. மூலக்கூறுகள் தமக்குள் இறுகப் பிணைந்தும் உள்ளன. எனவே நீலம் நீரில் கரைவதில்லை. சாயப் பட்டறையினர் காரத்தோடு ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் உப்பைச் சேர்க்கின்றனர். நீலம் நிறம் மாறி மஞ்சளாகி, மின்னேற்றம் பெற்று நீரில் கரைகின்றது. அதில் தோய்த்த நூலை வெளியே எடுத்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுச் சிறிது நேரத்தில் மீண்டும் நீலமாகி, கரையாத நிலையில் நூலின் மேற்பரப்பில் தங்கிவிடுகின்றது. மேற்பரப்பில் மட்டும் தங்குவதாலேயே ஜீன்ஸ் துணியைக் கல்லோடு சேர்த்துக் கசக்கி வெளுக்கச் செய்ய முடிகின்றது.

வெளுத்த நீலம் சென்ற இடம் வால்துனி ஆறு. அம்பர்நாத்தில் 11ஆம் நூற்றாண்டுச் சிவாலயத்தின் அருகே ஓடும் இச்சிற்றாறு உல்லாஸ்நகரைக் கடந்து கல்யாணுக்கு அருகில் உல்லாஸ் ஆற்றோடு சேர்கின்றது. 2014ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டாங்கர் ஒன்றிலிருந்து இவ்வாற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவியால் கரையோரக் குடியிருப்புகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் மூச்சுத் திணறலுக்கு உள்ளாகி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆறுகளின் மாசு குறித்து வழக்குகள் நடந்தன. நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து பல ஜீன்ஸ் வெளுப்புப் பட்டறைகள் மூடப்பட்டன. அப்பட்டறைகளை நம்பிப் பிழைத்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

குழாயிலும் உடலிலும்

கார்பன்-டை-சல்பைடு ஒரு குழாயின் வழியே ஓடும்போது மற்றோர் ஆபத்தும் எழுகின்றது. சாதாரண நீரில் உப்புகளின் அயனிகள் கரைந்திருப்பதால் அது ஓரளவேனும் மின்சாரத்தைக் கடத்தும். முனைவற்ற திரவத்தில் அயனிகள் தங்குவதில்லை. அது மின்சாரத்தைக் கடத்துவதும் இல்லை. ஆகவே குழாய்ச் சுவரில் உரசி ஓடுகையில் தோன்றும் நிலை மின்னேற்றம் வெளியேற வழியின்றித் திரவத்திலேயே குவிகின்றது. இத்திரவத்தின் ஆவி பற்றிக்கொள்வதற்குக் கண்ணுக்குப் புலப்படாத சிறு பொறியே போதும். மேலும், காற்றில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு முதல் ஐம்பது பங்கு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது வெடிக்கத் தக்கது. காற்றைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கு மேல் கனமான ஆவியாதலின், மேலெழாமல் தரையையொட்டிப் படர்ந்து, தொலைவிலுள்ள நெருப்பைச் சென்று தொடும். டாங்கர்களையும் குழாய்களையும் தரையோடு உலோகக் கம்பியால் இணைப்பதும், காலியிடத்தில் நைட்ரஜனை நிரப்பிக் காற்றை விலக்குவதும் இதனாலேயே விதிக்கப்பட்டுள்ளன. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஷகாட் ரேயான் ஆலை வளாகத்தில், கார்பன்-டை-சல்பைடு நிரப்புவதற்காகக் கொண்டுவரப்பட்ட டாங்கர் ஒன்று வெடித்ததில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்; வேறு சிலர் காயமுற்றனர். வெடியோசை சுற்றுப்புறக் குடியிருப்புகளிலும் கேட்டது.

வெடியாமலும் தீப்பற்றாமலும் இப்பொருள் செய்யும் தீங்கு நூறாண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்டது. 1856ஆம் ஆண்டு பாரிஸ் நகர மருத்துவர் அகுஸ்த் தெல்பெக், இரப்பர் பட்டறைகளில் இத்திரவத்தைக் கையாண்ட தொழிலாளரிடம் தலைவலி, மறதி, கைகால் தளர்ச்சி, மனக்கலக்கம் முதலியவற்றைக் கண்டு எழுதினார். பின்னர் செயற்கைப் பட்டு ஆலைகள் தோன்றிய நாடுகளிலெல்லாம் அதே நோய்க்குறிகள் காணப்பட்டன. பிரிட்டிஷ் ரேயான் தொழிலாளரிடையே இருதய நோயால் நேரும் மரணம் மிகுதி என்பதை 1968இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இந்நச்சுநோயை மருத்துவர் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது.

நரம்பையே இந்நஞ்சு நாடுவதேன்? உயிரணுவின் சவ்வு கொழுப்பினால் ஆனது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறையோ கொழுப்பு மிகுந்தது. கொழுப்பு மூலக்கூறின் நீண்ட வால் முனைவற்றது. நீரில் கரையும் பொருள்களைச் சவ்வு எளிதில் உட்புக விடுவதில்லை; முனைவற்ற சிறு மூலக்கூறுக்கோ அது திறந்த வாயில். நுரையீரலில் புகுந்த ஆவி இரத்தத்துக்கும், அங்கிருந்து கொழுப்புள்ள திசுக்களுக்கும் விரைந்து செல்கின்றது. தோலின் வழியாகவும் திரவம் உட்புகும். உள்ளே சென்றபின், மரக்கூழிடம் நடந்துகொண்டதைப் போலவே நடந்துகொள்கின்றது. அங்கே செல்லுலோஸின் ஆக்ஸிஜன் அதன் கார்பனைப் பற்றியது. இங்கே புரதங்களின் நைட்ரஜன் பற்றுகின்றது. நாளடைவில் நரம்பிழையின் உள்ளிருக்கும் புரத நார்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுவிடுகின்றன. நீண்ட நரம்புகளே முதலில் பழுதுறுவதால் கால்களிலும் கைகளிலும் மரத்துப்போதல் தொடங்குகின்றது. வாசனையை நம்பித் தற்காத்துக்கொள்ளலாம் என்பதும் இல்லை. நாள்தோறும் முகர்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும்.

உடலும் சும்மா இருப்பதில்லை. முனைவற்ற பொருளைச் சிறுநீரின் வழியே கழிக்க இயலாது. அதனை நீரில் கரையும் பொருளாக மாற்றியாக வேண்டும். ஈரல் இதற்கென்றே கந்தகம் கொண்ட குளுடாதையோன் என்னும் பொருளை அதனோடு இணைக்கின்றது. அவ்விணைப்பு பல படிகளில் மாறி, முனைவுள்ள ஓர் அமிலமாகச் சிறுநீரில் வெளிப்படுகின்றது. ஆலைத் தொழிலாளர் எவ்வளவு ஆவியைச் சுவாசித்தனர் என்பதை அறிய மருத்துவர்கள் தேடுவது இவ்வமிலத்தையே. காற்றில் வைக்கும் கருவி, கருவி இருக்கும் இடத்தின் நிலையை மட்டும் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனையோ மூக்கின் வழியும் தோலின் வழியும் உட்சென்ற மொத்த அளவைக் காட்டும். அன்று உட்சென்றது பெரும்பாலும் அன்றே அமிலமாக வெளியேறத் தொடங்குவதால், வேலை தொடங்குமுன் எடுத்த மாதிரி பயன்படாது. மாதிரி வேலைநேரத்தின் முடிவில், தொழிலாளி வீடு திரும்புமுன் சேகரிக்கப்பட வேண்டும்.